அடிக்கிற கையும் அணைக்கிற கையும்

"அடிக்கிற கைதான் அணைக்கும்" என்று நம் முன்னோர் ஒரு பழமொழி சொல்லிவைத்தனர். தாயொருத்தி தன் குழந்தையைக் கண்டித்துவிட்டுப் பின் அதனை மார்போடு அணைப்பதைக் கண்டு யாரோ சொன்ன வார்த்தையாக அது இருத்தல் கூடும். ஆயினும் நம் ஊர்களிலே அப்பழமொழி குழந்தையைத் தேற்றுவதற்குப் பயன்பட்டதிலும் பார்க்க, கணவனிடம் அடிபட்டுப் பிறந்த வீட்டுக்கு ஓடிவந்த பெண்ணைத் திருப்பி அனுப்புவதற்கே மிகுதியும் பயன்பட்டிருக்கிறது. நானும் ஒரு முறை அவ்வாறு பயன்படுத்தினேன். அதை நினைக்குந்தோறும் இன்றும் என் மனம் கூசுகிறது. இக்கட்டுரையை எழுதத் தூண்டியதும் அந்தக் கூச்சமே.

சில ஆண்டுகளுக்கு முன் நடந்தது இது. அப்பொழுது என் வகுப்பிலே ஒரு மாணவி இருந்தாள். கணிதத்தில் கெட்டிக்காரி. திடீரென்று அவளுடைய படிப்புத் தளர்ந்தது. வீட்டுவேலை செய்துவருவதில்லை, பாடவேளையிலே கண்ணயர்ந்துவிடுவாள். தாயை அழைத்து வரும்படி சொன்னேன். மறுநாள் அந்த அம்மாள் வந்தார். விறாந்தையின் ஓரத்திலே, சேலைத் தலைப்பால் தோளை நன்றாக மூடிக்கொண்டு நின்றார். மகள் ஏன் படிக்கவில்லை என்று நான் கேட்டதற்கு, நெடுநேரம் மௌனமாக இருந்துவிட்டு, "சேர், இரவிலை வீட்டிலை ஒருத்தரும் நித்திரை கொள்ளுறேல்லை" என்றார். பிறகு தலைப்பைச் சற்றே விலக்கினார். தோளிலிருந்து முழங்கை வரை கருநீலமாகக் கன்றிப் போயிருந்தது.

நான் என்ன செய்திருக்க வேண்டும்? எனக்கு அன்று தெரியவில்லை. தெரியாதவன் தெரியாது என்று சொல்லியிருக்கலாம். நானோ ஆசிரியன் என்ற நிலையிலிருந்து உபதேசம் செய்தேன். "கொஞ்சம் பொறுத்துப் போங்கோ தங்கச்சி. அடிக்கிற கைதான் அணைக்கும். பிள்ளையளை நினையுங்கோ" என்றேன். அவர் தலையசைத்துவிட்டுப் போனார். மூன்று கிழமை கழித்து அவருடைய வலக்கை மணிக்கட்டு முறிந்து, அவர் வைத்தியசாலையில் இருப்பதாக மகள் வந்து சொன்னாள். விழுந்துவிட்டதாக வீட்டார் சொன்னார்களாம்.

அவரை அன்று காப்பாற்றியது என் உபதேசமன்று. ஒரு தாதியார் கேட்ட கேள்வி. கட்டுப் போட்டுக்கொண்டே, கணவன் வெளியே சென்றிருந்த வேளை பார்த்து, "அம்மா, இது விழுந்த காயம் மாதிரித் தெரியேல்லை. வீட்டுக்குப் போக உங்களுக்குப் பயமாய் இருக்கோ?" என்று அவர் மெல்லக் கேட்டார். பதினைந்து ஆண்டு மண வாழ்க்கையிலே அப்படி ஒருவர் கேட்டது அதுவே முதல் தடவை என்று பின்னொரு நாள் அந்த அம்மாள் என்னிடம் கூறினார். அவருடைய அனுமதியோடு, அவரை எவரும் இனங்காணாத வகையிலே, அவர் கதையை இங்கு எடுத்துச் சொல்லுகிறேன்.

ஐவரில் ஒருவர்

இது ஏதோ ஒரு வீட்டுக் கதை என்று வாசகர் தள்ளிவிடலாகாது. 2019ஆம் ஆண்டிலே நமது நாட்டின் தொகைமதிப்புப் புள்ளிவிபரத் திணைக்களம் பெண்களின் நல்வாழ்வு பற்றி நாடளாவிய ஆய்வொன்றை நடத்தியது. கணவனோடு அல்லது துணைவனோடு வாழ்ந்த பெண்களுள் நூற்றுக்கு 20.4 பேர், அதாவது ஐவரில் ஒருவர், தம் வாழ்நாளில் அவனாலேயே உடல் வன்முறைக்கோ பாலியல் வன்முறைக்கோ உள்ளாகியுள்ளனர் என்பது அவ்வாய்வு கண்ட முடிவு. பெண்ணொருத்தி வெளியார் கையால் அடிபடுவதிலும், கணவன் கையால் அடிபடுவதே இரு மடங்குக்கு மேல் நிகழ்கின்றது என்பதையும் அது காட்டிற்று. தெருவிலே போகும் பெண்ணுக்கு நாம் "பார்த்துப் போ, பத்திரம்" என்கிறோம். ஆபத்தோ பெரும்பாலும் வீட்டு வாசற்படிக்கு உள்ளேதான் இருக்கிறது.

என் வகுப்பிலே நாற்பது பிள்ளைகள் இருந்தனர். ஐவரில் ஒருவர் என்னும் கணக்கு, உயிரெழுத்தும் மெய்யெழுத்தும் போல என் கண்முன் வந்து நின்றது. எத்தனை பிள்ளைகள் இரவிலே கண்விழித்திருந்து காலையிலே என் பாடத்துக்கு வந்தனரோ, யானறியேன். உறங்கியவர்களை எழுப்பி நிறுத்தி வைத்தவன் நான்.

ஏன் போகவில்லை?

இத்தகைய கதை ஒன்றைக் கேட்டவுடன் நம்மவர் கேட்கும் முதற் கேள்வி, "அப்படியானால் அவள் ஏன் அங்கே இருக்கிறாள்?" என்பது. "அவன் ஏன் அடிக்கிறான்?" என்று கேட்பவர் மிகச் சிலர். முதற் கேள்விக்கே விடை காண முயல்வோம்.

முதலாவது காரணம் பணம். கணவன் உழைப்பிலே வாழும் பெண், பிள்ளைகளோடு வெளியேறினால் அடுத்த வேளைச் சோற்றுக்கு எங்கே போவது? இரண்டாவது காரணம் மானம். தங்கைக்குக் கலியாணம் பேசவேண்டும், தமையன் முகத்திலே கரி பூசலாகாது, பெண்பிள்ளைகள் வளருகிறார்கள் என்று எல்லாருடைய மானத்தையும் அவள் ஒருத்தியே சுமக்கிறாள். மூன்றாவது காரணம் அச்சம். "போனால் கொன்றுவிடுவேன்" என்ற சொல்லை வெறும் கோப வார்த்தை என்று நாம் நினைக்கலாம். ஆனால் இத்துறையிலே நெடுங்காலம் பணியாற்றியவர்களின் அனுபவம் வேறு. அடிப்பவனுடைய பிடியிலிருந்து ஒரு பெண் விலகப் புறப்படும் வேளையும், விலகிய பின்வரும் சில மாதங்களுமே அவள் உயிருக்கு மிகவும் ஆபத்தான காலம் என்பது பல நாட்டு ஆய்வுகளும் கண்ட உண்மை. கழுத்தை நெரித்த கணவன் மறுமுறை உயிரைப் பறிக்கவும் கூடும் என்பதும் அத்தகையதே. ஆகவே அவள் அஞ்சுவது பேதைமையன்று. தன் நிலைமையைத் தெரிந்து வைத்திருப்பதன் அடையாளம்.

நம் யாழ்ப்பாணத்துப் பெண்களுக்கு நான்காவதாக ஒரு சிக்கலும் உண்டு. இங்கே வீடும் வளவும் பெரும்பாலும் சீதனமாகப் பெண்ணின் பெயரிலேயே எழுதப்படுகின்றன. அப்படியிருந்தும், அடி தாங்காமல் தன் சொந்த வீட்டை விட்டு இரவோடிரவாக வெளியேறுபவள் அவளே. உள்ளே உறங்குபவன் அவன். தேசவழமையின் கீழ் 1911ஆம் ஆண்டு இயற்றப்பட்ட கட்டளைச் சட்டத்தின்படி, மணமான பெண் தன் அசையாச் சொத்தைக் கணவனின் எழுத்து மூலமான சம்மதமின்றி உயிரோடிருக்கும் காலத்தில் விற்கவோ ஈடு வைக்கவோ இயலாது. கணவன் நியாயமின்றிச் சம்மதம் மறுத்தால் மாவட்ட நீதிமன்றத்தை நாடி அனுமதி பெறலாம் என்பதும் அதே சட்டத்தில் உண்டு. முன்னதை ஊரில் எல்லாரும் அறிவர். பின்னதை அறிந்தவர் மிகச் சிலர்.

"வீட்டை விட்டு இறங்கினால் உனக்கு உரிமை இல்லை, நீதான் கைவிட்டுப் போனவள் என்று கோட்டிலே சொல்லுவேன்" என்பது கணவன்மார் வழக்கமாகக் காட்டும் இன்னொரு பூச்சாண்டி. கணவனின் கொடுமை தாங்காது வெளியேறும் மனைவியைக் குற்றவாளியாக நம் நீதிமன்றங்கள் கொள்வதில்லை. அவளை வெளியேறச் செய்த கணவனே அவளைக் கைவிட்டவன் என்று அவை தீர்த்து வந்துள்ளன.

கதவுகள் எங்கே உள்ளன?

நாம் அறியாத காரணத்தால் உதவி இல்லை என்று ஆகிவிடாது. நம் நாட்டிலே தட்டுவதற்குக் கதவுகள் சில இருக்கின்றன.

அந்த அம்மாளுக்குத் திறந்த முதற் கதவு வைத்தியசாலைக்குள்ளேயே இருந்தது. அரசாங்க வைத்தியசாலைகள் பலவற்றிலே "நட்பு நிலையம்" என்ற பெயரில் ஓர் அறை உண்டு. சிங்களத்திலே அதனை "மிதுரு பியச" என்பர். குடும்ப வன்முறைக்கு உள்ளானோருக்கென்றே சுகாதார அமைச்சு ஏற்படுத்திய நிலையம் அது. பயிற்சி பெற்ற தாதியரும் வைத்தியரும் அங்கே இருப்பர். கட்டணம் இல்லை, சொல்லப்படுவது வெளியே போவதில்லை. காய்ச்சலுக்கு மருந்தெடுக்கப் போகும் பாவனையிலே ஒரு பெண் அங்கே போகலாம். பொலிஸ் நிலையத்துப் படியேறினால் ஊர் காணும். வைத்தியசாலைப் படியேறுவதை எவரும் பொருட்படுத்துவதில்லை. அந்நிலையத்தின் அருமை அதுதான்.

இரண்டாவது கதவு பிரதேச செயலகம். அங்கே மகளிர் அபிவிருத்தி உத்தியோகத்தரும், உளவளத்துணை உத்தியோகத்தரும் கடமையாற்றுகின்றனர். கிராம அலுவலரையும், வீடு வீடாக வரும் குடும்பநல உத்தியோகத்தரையும் நாம் மறக்கலாகாது. கர்ப்பிணியின் இரத்த அழுத்தத்தை அளக்க வருபவர், அவள் கையிலுள்ள தழும்பையும் காண்கிறார்.

மூன்றாவது கதவு பொலிஸ் நிலையங்களிலுள்ள சிறுவர், பெண்கள் பிரிவு. அடிகாயத்தோடு சென்று முறையிடும் பெண்ணைச் சட்ட வைத்திய அதிகாரியிடம் பரிசோதனைக்கு அனுப்பவேண்டியது பொலிஸாரின் கடமை. அப்பரிசோதனை அறிக்கை பின்னர் வழக்கிலே பெரிய சாட்சியாகும். ஆகவே, "காயம் ஆறட்டும், பிறகு பார்ப்போம்" என்று நாளைக் கடத்தலாகாது.

நான்காவது கதவு சட்ட உதவி ஆணைக்குழு. 1978ஆம் ஆண்டின் 27ஆம் இலக்கச் சட்டத்தினால் நிறுவப்பட்டது அது. சட்டத்தரணிக்குப் பணம் கொடுக்க வசதியற்றவர்களுக்காக அது இலவசமாக வழக்காடும். அதன் அலுவலகங்கள் பெரும்பாலும் நீதிமன்றங்களை அண்டியே இருக்கின்றன.

இவற்றோடு தொண்டு நிறுவனங்களும் தோன்றின. 1987ஆம் ஆண்டிலே கொழும்பில் "தேவை நாடும் மகளிர்" என்ற அமைப்பு தொடங்கியது. ஆலோசனை, சட்ட உதவி, தற்காலிகத் தங்குமிடம் என்பவற்றை ஒரே கூரையின்கீழ்க் கொண்டு வந்த அமைப்பு அது. போரினால் இடம்பெயர்ந்த பெண்களுக்காக 1990களின் தொடக்கத்திலே தோன்றிய சூரியா பெண்கள் அபிவிருத்தி நிலையம் மட்டக்களப்பிலே வேரூன்றி, அங்குள்ள பெண்களின் துயரைத் தமிழிலேயே கேட்டு வருகின்றது. வடபகுதியிலும் இத்தகைய மகளிர் அமைப்புகள் போர்க்காலத்திலும் ஓயாமல் உழைத்தன.

எங்கும் போக இயலாதவருக்குத் தொலைபேசி இருக்கிறது. 1938 என்ற இலக்கம் மகளிருக்கான அரசாங்க உதவிச் சேவை. பிள்ளைகளுக்குத் தீங்கு நேருமாயின் 1929 என்ற இலக்கம் தேசிய சிறுவர் பாதுகாப்பு அதிகார சபைக்குரியது. அந்தக் கணமே உயிராபத்து என்றால் 119. இந்த மூன்று இலக்கங்களையும் பிள்ளைகள் பெருக்கல் வாய்பாடுபோல மனனஞ் செய்து வைத்திருத்தல் நல்லது.

துணை நிற்றல் என்பது யாது?

வள்ளுவர் தம் நூலிலே இல்லாளைப் பற்றிய அதிகாரத்துக்கு "வாழ்க்கைத் துணைநலம்" என்று பெயரிட்டார். துணை என்பது அழகிய சொல். மனைவிக்கு வழங்கும் அச்சொல்லே, அடிபட்ட பெண்ணுக்கு உதவ முன்வருவோரின் பணிக்கும் பொருந்துகின்றது.

இப்பணியிலே தேர்ந்தவர்கள் நான் செய்ததைப் போல உபதேசம் செய்வதில்லை. முதலிலே கேட்கிறார்கள், குறுக்கிடாமல் கேட்கிறார்கள். "நீங்கள் சொல்லுவதை நம்புகிறேன். இதிலே உங்கள் பிழை ஒன்றுமில்லை" என்று சொல்லுகிறார்கள். அடுத்ததாக, இன்ன வழிகள் உண்டு, இன்ன வழியிலே இன்ன நன்மையும் இன்ன ஆபத்தும் உண்டு என்று விளக்குகிறார்கள். எந்த வழியிலே போவது என்பதை அந்தப் பெண்ணே தீர்மானிக்கிறாள். "விட்டுவிட்டு வா" என்று அவர்கள் வற்புறுத்துவதுமில்லை. "திரும்பிப் போ" என்று தள்ளுவதுமில்லை. இவ்வளவு காலமும் பிறனொருவனுடைய கட்டளைக்கு ஆட்பட்டுக் கிடந்தவளுக்கு இன்னொரு கட்டளை மருந்தாகாது என்பது அவர்கள் கற்ற பாடம்.

மூன்றாவதாக, அவர்கள் கூடப் போகிறார்கள். பொலிஸ் நிலையத்து வாங்கிலே அவளுக்குப் பக்கத்திலே அமருகிறார்கள். முறைப்பாடு அவள் சொன்னபடி எழுதப்பட்டிருக்கிறதா என்று வாசித்துப் பார்க்கிறார்கள். அவள் அறியாத மொழியிலே எழுதப்பட்டால், தமிழிலே எழுதும்படி கேட்கிறார்கள். நீதிமன்றத்திலே எந்த வாசலால் நுழைவது, எங்கே நிற்பது என்று காட்டுகிறார்கள். சார்பாகப் பேசுதல் என்பது இதுவே. தனியாகச் சென்ற பெண்ணிடம் "போய்ச் சமாதானமாய் இருங்கோ" என்று சொல்லி அனுப்பிய அதே மேசை, பக்கத்திலே ஒருவர் அமர்ந்திருக்கும்போது பேனாவை எடுக்கிறது.

நம் அம்மாளுக்கு அந்நிலையத்தார் இன்னொன்றும் கற்பித்தனர். மீண்டும் ஆபத்து வந்தால் என்ன செய்வது என்று முன்கூட்டியே திட்டம் வகுப்பது அது. தேசிய அடையாள அட்டை, பிள்ளைகளின் பிறப்புச் சான்றிதழ், வங்கிப் புத்தகம், காணி உறுதியின் பிரதி, மருந்து, சிறிதளவு பணம் ஆகியவற்றை ஒரு பையிலிட்டு நம்பிக்கையான ஒருவர் வீட்டிலே வைக்கவேண்டும். அயல் வீட்டாரோடு ஓர் அடையாளச் சொல்லைப் பேசி வைத்துக்கொள்ள வேண்டும். அவர் தெரிந்தெடுத்த சொல் "தேங்காய்". மகள் வேலியருகே வந்து "அம்மா தேங்காய் கேட்டவ" என்று சொன்னால், அயல் வீட்டு ஆச்சி உடனே பொலிஸுக்கு அறிவிப்பதென்று ஏற்பாடு. சண்டை மூளும்போது சமையலறைப் பக்கம் போகலாகாது, கத்தியும் அம்மியும் உள்ள இடம் அது என்பதையும் அவர்கள் சொல்லிக் கொடுத்தனர்.

சட்டம் என்ன சொல்லுகிறது?

2005ஆம் ஆண்டிலே நம் நாடாளுமன்றம் வீட்டு வன்முறைத் தடுப்புச் சட்டத்தை இயற்றியது. அவ்வாண்டின் 34ஆம் இலக்கச் சட்டம் அது. அடிப்பவனைச் சிறையிலிடுவது அதன் முதல் நோக்கமன்று. அடுத்த அடி விழாமல் தடுப்பதே அதன் நோக்கம். "அவர் சிறைக்குப் போக வேண்டாம், எனக்கு அடிக்காமல் இருந்தாற் போதும்" என்பதே பெரும்பாலான மனைவியரின் விருப்பமாகையால் இதன் பயனை உணரலாம்.

அதன் போக்கு இதுதான். பாதிக்கப்பட்டவர் நீதவான் நீதிமன்றத்திலே விண்ணப்பம் செய்யவேண்டும். அவரால் இயலாவிடின் அவர் சார்பிலே பொலிஸ் உத்தியோகத்தர் ஒருவரும் விண்ணப்பிக்கலாம். தான் வழக்கமாக வாழும் இடத்து நீதிமன்றத்தில் மட்டுமன்றி, தப்பிச் சென்று தற்காலிகமாகத் தங்கியிருக்கும் இடத்து நீதிமன்றத்திலும் விண்ணப்பிக்கலாம். நீதவான் தேவையைக் கண்டால் உடனேயே இடைக்காலப் பாதுகாப்புக் கட்டளை பிறப்பிக்கலாம். 14 நாட்களுக்குள் விசாரணை நடைபெறவேண்டும். விசாரணையின் பின் பிறப்பிக்கப்படும் பாதுகாப்புக் கட்டளை 12 மாதங்கள் வரை செல்லுபடியாகும். தேவையாயின் நீடிக்கவும் இடமுண்டு.

அக்கட்டளை மூலம் நீதவான் பலவற்றைத் தடுக்கலாம். அடிப்பவன் வீட்டுக்குள் நுழையலாகாது, அவள் வேலை செய்யும் இடத்துக்கோ பிள்ளைகளின் பாடசாலைக்கோ போகலாகாது, தொலைபேசியில் தொல்லை கொடுக்கலாகாது, அவளை நிர்க்கதியாக்கும் வகையிலே குடியிருக்கும் வீட்டை விற்கலாகாது என்றெல்லாம் கட்டளையிட முடியும். அவசர பண உதவி கொடுக்கும்படியும் பணிக்க முடியும். கட்டளையை மீறினால் ஓராண்டு வரை சிறை, அல்லது 10,000 ரூபா வரை குற்றப்பணம், அல்லது இரண்டும்.

மேலும் இரு செய்திகளை இங்கே குறிப்பிட வேண்டும். உடலிலே படும் அடி மட்டும் வன்முறையன்று. கொடிய முறையிலே தொடர்ந்து இழிவுபடுத்தி மனத்தை வதைப்பதும் இச்சட்டத்தின்கீழ் வன்முறையே. இச்சட்டம் மனைவிக்கு மட்டும் உரியதுமன்று. மகன் கையால் அடிபடும் முதிய தாயும், தமையனிடம் வதைபடும் தங்கையும், ஏன், கொடுமைக்குள்ளாகும் ஆண்மகனும் இதன் நிழலிலே ஒதுங்கலாம். கணவன் செலவுக்குப் பணம் தரமறுத்தால், 1999ஆம் ஆண்டின் 37ஆம் இலக்கப் பராமரிப்புச் சட்டத்தின் கீழ்த் தனியே வழக்கிடலாம்.

குறைகள்

சட்டம் இருப்பது வேறு; அது ஏழையின் படலையைத் தேடி வருவது வேறு. முறையிட வரும் பெண்ணை இணக்கம் பேசித் திருப்பி அனுப்பும் பழக்கம் இன்னும் ஒழியவில்லை. அபயம் தேடும் பெண்கள் பிள்ளைகளோடு தங்குவதற்கான இல்லங்கள் தேவைக்கு மிகவும் குறைவு. வளர்ந்த ஆண்பிள்ளையை அழைத்துச் செல்ல இயலாத இல்லங்களும் உண்டு. அதனாலேயே போகாத தாய்மாரும் உளர். 1971ஆம் ஆண்டிலே இலண்டன் மாநகரின் சிசிக் பகுதியில் எரின் பிட்சி என்னும் மாது ஒரு பழைய வீட்டிலே தொடங்கிய அபய இல்லம், சில ஆண்டுகளுக்குள் அந்நாடு முழுவதும் பல்கிப் பெருகியது. அரைநூற்றாண்டு கடந்தும் நாம் அவ்விடயத்திலே பின்தங்கியே நிற்கிறோம்.

மது ஒன்றே காரணம் என்று சொல்லித் தப்பிக்கும் வழக்கமும் நம்மிடம் உண்டு. மது தீமையை மிகுவிக்கிறது என்பது மெய். ஆனால் குடித்துவிட்டு முதலாளியை அடிப்பவனை நாம் காண்பதில்லை. பொலிஸ்காரரை அடிப்பவனையும் காண்பதில்லை. வீதியெல்லாம் அடக்கமாக நடந்து வந்து வீட்டுக்குள்ளே மட்டும் கை நீட்டுகிறான் என்றால், யாரை அடிக்கலாம் என்ற கணக்கு அவன் வெறியிலும் தவறவில்லை என்பதன்றோ பொருள்? போரிலும் இடப்பெயர்விலும் நம்மவர் பட்ட துன்பம் அளவிறந்தது. அத்துன்பத்தை அவனுடைய மனைவியும் உடன் பட்டாள் என்பதை மறத்தலாகாது.

நாம் செய்யக்கூடியது

அயல் வீட்டிலே அலறல் கேட்டால் வானொலியின் ஒலியைக் கூட்டுவது நம் வழக்கம். அதற்குப் பதிலாக, ஏதேனும் ஒரு சாட்டுச் சொல்லிப் படலையைத் தட்டலாம். ஓங்கிய கை சில வேளை அந்தத் தட்டலிலேயே தாழ்ந்துவிடும். அதற்கு அஞ்சினால் 119ஐ அழைக்கலாம். பெற்றோர், மகளைக் கட்டிக் கொடுத்தபின்பும் அவளுக்கென ஒரு பாயும் ஒரு கோப்பையும் வீட்டிலே உண்டு என்பதை அவளுக்கு வாய்விட்டுச் சொல்லி வைக்கவேண்டும். சொல்லாவிட்டால் அவள் அறியமாட்டாள். பிள்ளைகளின் முன்னிலையிலே அவளிடம் துருவிக் கேட்பதும், கணவனிடம் நேரே போய் "நீ அடிக்கிறாயாமே" என்று கேட்பதும் தவிர்க்கப்பட வேண்டியவை. பின்னதன் பலனை அன்றிரவே அவள் அனுபவிப்பாள்.

ஆசிரியராகிய நமக்குச் சிறப்பான பொறுப்பு ஒன்று உண்டு. தூங்கும் பிள்ளையைத் தண்டிப்பதற்கு முன், ஏன் தூங்குகிறது என்று தனியே அழைத்து அன்போடு கேட்கவேண்டும். மாணவ மணிகளுக்கும் ஒரு சொல்: உங்கள் வீட்டிலே இப்படி நடப்பது உங்கள் குற்றமன்று. அம்மாவைக் காப்பதற்காக நடுவிலே பாயாதீர்கள். வெளியே வந்து உதவி தேடுங்கள். நம்பத்தக்க ஓர் ஆசிரியரிடம் சொல்லுங்கள். அவர் நான் சொன்னதுபோல ஒரு பழமொழியைச் சொல்லி அனுப்பினால், இன்னோர் ஆசிரியரிடம் சொல்லுங்கள்.

பின்னர் நடந்தது

அந்த அம்மாள் நட்பு நிலையத்திலிருந்து சட்ட உதவி ஆணைக்குழுவுக்குப் போனார். மகளிர் அபிவிருத்தி உத்தியோகத்தர் ஒருவர் கூடவே சென்றார். பாதுகாப்புக் கட்டளை கிடைத்தது. பதினைந்து ஆண்டுகளில் முதன்முறையாக, வீடு யார் பெயரிலே எழுதப்பட்டிருந்ததோ அவர் உள்ளே இருந்தார். மற்றவர் வெளியே போனார். எல்லாம் இன்பமாக முடிந்துவிட்டது என்று நான் எழுத மாட்டேன். கணவனின் உறவினர் கோயிலிலே அவரைக் கண்டு முகம் திருப்பினர். சொந்தத் தமையன் ஓராண்டு பேசாமல் இருந்தான். இடியப்பம் அவித்துக் கடைகளுக்குக் கொடுத்தார். முறிந்த மணிக்கட்டாலே உரலைப் பிழிய முடியாத நாட்களில் மகள் பிழிந்தாள். பன்னிரண்டு மாதம் முடிந்தபின் கணவன் பிள்ளைகளைப் பார்க்க வந்துபோனான். வீட்டிலே அன்று, தாயாரின் வீட்டிலே, பெரியவர் ஒருவர் முன்னிலையில். அந்த ஏற்பாட்டை வகுத்தவரும் அந்த அம்மாளே.

அவ்வாண்டு முடிவிலே மகளின் தேர்ச்சி அறிக்கையை வாங்க அவர் கல்லூரிக்கு வந்தார். கணிதத்துக்கு நேரே 87 புள்ளி இருந்தது. பெற்றோர் கையொப்பம் இடும் இடத்தைக் காட்டினேன். முன்பெல்லாம் அவ்விடத்திலே தகப்பனின் பெயர்தான் இருக்கும். சிறிது கோணிப்போயிருந்த அந்த மணிக்கட்டை மேசையிலே ஊன்றி, ஓர் எழுத்தும் விடாமல் தம் முழுப் பெயரையும் எழுதினார். நான் அன்று அவரிடம் மன்னிப்புக் கேட்டேன்.

"நீங்கள் தெரியாமல் சொன்னனீங்கள் சேர். இப்ப தெரியுந்தானே, இனி வாறவைக்குச் சொல்லுங்கோ" என்றார்.

அதனாலேயே சொல்லுகிறேன்.